பற்றறிக்கும் ஒரு கொப்பி



இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் காய்ச்சல், தடுப்பூசி, பரீட்சைக் காலத்து நித்திரை என்று எழுதுவேன். இம்முறை பற்றறி பற்றி எழுதப்போகிறேன். தாதிக்கும் பற்றறிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பீர்கள். நானும் போன வருடம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2022ஆம் ஆண்டை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கையில் எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. இங்கே ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது எல்லோருடைய பேச்சும் அதுதான். லா சப்பலில் காசு அனுப்பும் கடைகளில் வரிசை. நானும் வரிசையில் நின்றேன். என் அப்பாவுக்கு நுரையீரல் வருத்தம். இரவிலும் பகலின் ஒரு பகுதியிலும் ஒட்சிசன் மெசின் தேவை. யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஒரு இன்வேட்டரும் 150 அம்பியர் மணிப் பற்றறி ஒன்றும் வாங்கச் சொல்லிக் காசு அனுப்பினேன். கடைக்காரர் வந்து பூட்டிவிட்டுப் போனார். பச்சை லைற் எரிந்தது. அம்மா படம் எடுத்து அனுப்பினா. எனக்கு நிம்மதி. அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் அந்தப் பற்றறியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் முற்பகல், இங்கே விடியற்காலை. நான் இரவு வேலை முடித்து பியர்ஃபித் ஸ்தேஷனில் எர்.ஓ.எர். டே ரயிலால் இறங்கி நடந்து வருகிறேன். அம்மாவின் அழைப்பு.

“பிள்ளை, கறண்ட் போட்டுது. பெட்டி கீக் கீக் எண்டு கத்துது.”

“எவ்வளவு நேரம் அம்மா?”

“கால் மணித்தியாலம் இருக்கும். இப்ப அதுவும் நிண்டுட்டுது.”

அன்று இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் வந்த கோளாறு என்று அமைச்சர் சொன்னதைச் செய்திகளில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்டத்தட்ட 2 மணி நேரம் தாங்கும் என்று நான் நம்பியிருந்த பற்றறி 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை.

வீட்டில் ஒரு ஒட்சிசன் சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்கும் சாவி எங்கே என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிவந்து தேடி எடுத்தான். நான் வீதியோரத்தில் நின்றபடி வீடியோவில் பார்த்து, எந்தப் பக்கம் திருப்புவது, நிமிடத்துக்கு 2 லீற்றரில் எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். அப்பாவின் உதட்டு நிறம் பார்த்துச் சொல்லச் சொன்னேன். அந்தப் பத்து நிமிடமும் எனக்கு எவ்வளவு நீளம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்பா சுகமாக இருந்தார். அன்று பின்னேரம் மின்சாரம் வந்தது.

காசு அனுப்பினேன், சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் என் பிழை. உங்களில் பலரின் அம்மம்மா, அப்பப்பா வீட்டிலும் 2022இல் வாங்கிய இப்படி ஒரு பெட்டி இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பற்றறிக்கு நடந்தது என்ன?

அடுத்த நாள் பக்கத்து வீட்டுத் தம்பி மின்வேலை தெரிந்த தன் நண்பன் ஒருவனைக் கூட்டி வந்தான். அவன் கண்டுபிடித்தவை நான்கு.

ஒன்று, அம்மா இரவில் இன்வேட்டரின் சுவர் சுவிச்சை நிறுத்திவிடுவா. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் இலங்கையில் மின்கட்டணம் மிகவும் கூடியது. பச்சை லைற் எரிகிறதே, பிறகு ஏன் வீணாகக் கறண்ட் என்று அவ நினைத்தா. இரவில் அப்பாவின் மெசின் நேராகச் சுவர்ப் பிளக்கில் ஓடியது. ஆனால் இன்வேட்டர் சும்மா இருக்கும்போதும் பற்றறியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும். எனவே பற்றறி ஒருநாளும் முழுமையாக நிரம்பவில்லை.

இரண்டு, தண்ணீர். அந்தப் பற்றறியில் ஆறு மூடிகள், ஆறு அறைகள். இரண்டு அறைகளில் தண்ணீர் ஈயத் தகடுகளுக்குக் கீழே போயிருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

மூன்று, இன்வேட்டரில் பற்றறி வகையைத் தெரிவு செய்யும் சின்னச் சுவிச் ஒன்று உண்டு. அது மூடிய வகைப் பற்றறிக்கு என்று வைக்கப்பட்டிருந்தது. எங்களுடையது தண்ணீர் விடும் வகை. அதற்குக் கொஞ்சம் கூடிய வோல்ற்றில் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

நான்கு, பெட்டி அழகாக இல்லை என்று அம்மா பற்றறிக்கு மேலே தையல் துணி விரித்து, அதன்மேல் பூச்சாடி வைத்திருந்தா. காற்றோட்டமே இல்லை.

இவற்றில் ஒன்றுகூட அம்மாவின் குற்றம் இல்லை. யாரும் அவவுக்குச் சொல்லவில்லை.

பசியோடு படுக்கவைக்கக் கூடாது

ஈயப் பற்றறிக்குள் ஈயத் தகடுகளும் சல்பூரிக்கமிலம் கலந்த தண்ணீரும் இருக்கின்றன. மின்சாரம் வெளியே போகும்போது தகடுகளில் ஈய சல்பேற்று படிகிறது. திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து போகிறது. உடனே ஏற்றினால் மென்மையாக இருக்கும், சுலபமாகக் கரையும். நாட்கணக்காக, வாரக்கணக்காக அரைகுறையாகவே விட்டால் அது கடினமான பளிங்காகிவிடும். பிறகு கரையாது. அந்த அளவுக்குத் தகடு செத்துப்போகிறது. 150 அம்பியர் மணி என்று வெளியே எழுதியிருக்கும், உள்ளே 30தான் இருக்கும்.

காரில் இருக்கும் பற்றறி வேறு. அதற்கு மெல்லிய தகடுகள் நிறைய உண்டு. சில வினாடிகள் பெரிய பலம் கொடுத்து என்ஜினைத் தொடக்கிவிட்டு உடனே திரும்ப நிரம்பிவிடும். வீட்டு இன்வேட்டருக்கு வாங்குவது தடித்த தகடு உள்ள பற்றறி. மணிக்கணக்காக மெதுவாகக் கொடுத்து, ஆழமாக இறங்கி, மறுபடி நிரம்பும்படி செய்யப்பட்டது. ஆனாலும் அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். கத்தத் தொடங்கும்வரை பாவிக்கலாம் என்பது பிழை. பல இன்வேட்டர்கள் கத்தும்போது பற்றறி ஏறக்குறைய காலியாகிவிட்டிருக்கும்.

ஆகவே முதல் விதி: மின்சாரம் வந்தவுடன் சார்ஜ் ஏற வேண்டும், முழுமையாக நிரம்பும்வரை ஏற வேண்டும். சுவர் சுவிச்சை நிறுத்தக் கூடாது.

முழுமையாக என்பதைக் கவனியுங்கள். சார்ஜ் ஏறுவது மூன்று படியாக நடக்கும். முதற்படியில் மின்னோட்டம் நிறையப் போகும். 150 அம்பியர் மணிப் பற்றறிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 15 அம்பியர் நல்ல அளவு. இதில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்பிவிடும். இரண்டாம் படியில் வோல்ற் 14.4க்கு மேல் நிலையாக நிற்க, மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறையும். மிச்சம் ஒரு பங்கை நிரப்ப இதற்குப் பல மணி நேரம் எடுக்கும். மூன்றாம் படி காவல் நிலை. 13.5 வோல்ற் அளவில் வைத்துக்கொண்டு, தானாகக் குறைவதை மட்டும் நிரப்பிக்கொண்டிருக்கும். சரியான வோல்ற் என்ன என்று உங்கள் பற்றறியின் ஒட்டியில் அல்லது கையேட்டில் பார்க்க வேண்டும். வகைக்கு வகை மாறும். யாழ்ப்பாணத்து வெக்கையில் அது கொஞ்சம் குறைவாகவும், குளிர் இடத்தில் கொஞ்சம் கூடவும் இருக்க வேண்டும். வெப்பம் அறியும் வயர் உள்ள சார்ஜர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

2022இல் நடந்தது இதுதான். மின்சாரம் சில மணி நேரம் வரும், முதற்படி முடியும், திரும்பப் போய்விடும். இரண்டாம் படி முடியவே இல்லை. மாதக்கணக்காக அரை வயிறு.

பச்சை லைற்றை நம்பலாமா?

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது, மெசினைப் பார்க்காதே, ஆளைப் பார் என்பதுதான். பச்சை லைற் சொல்வது சார்ஜர் தன் வேலையை முடித்துவிட்டதாக நினைக்கிறது என்பதை மட்டும். பற்றறியின் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. செத்துப்போன பற்றறியும் விரைவில் பச்சையாகும். கொள்ளளவு சுருங்கிவிட்டால் நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கும்!

மூன்று அளவைகள் உண்டு.

முதலாவது, ஓய்வில் எடுக்கும் வோல்ற். மாடிப்படி ஏறி வந்தவருக்கு உடனே இரத்த அழுத்தம் பார்த்தால் பிழையான எண்தான் வரும். அவரை ஐந்து நிமிடம் இருத்திவிட்டுத்தான் பார்ப்போம். பற்றறியும் அப்படியே. சார்ஜ் ஏறும்போது பார்த்தால் கூடக் காட்டும், வேலை செய்யும்போது பார்த்தால் குறையக் காட்டும். நிரம்பிய பிறகு சார்ஜரையும் பாவனையையும் நிறுத்தி, ஒரு ஐந்தாறு மணி நேரம் விட்டு, மல்ரிமீற்றரால் இரு முனையிலும் அளக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒட்சிசன் மெசினை நேராகச் சுவர்ப் பிளக்கில் போட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 12 வோல்ற் ஈயப் பற்றறியில் 12.7 அளவு வந்தால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12.0க்குக் கீழே என்றால் ஆபத்து. பார்த்தீர்களா, நிரம்பியதற்கும் பாதிக்கும் இடையில் அரை வோல்ற்தான் வித்தியாசம். ஆகவே இரண்டு தசமம் காட்டும் டிஜிற்றல் மீற்றர் தேவை.

இரண்டாவது, ஐதரோமீற்றர். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை உள்ள கருவி. ஒவ்வொரு அறையிலிருந்தும் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பது. நிரம்பிய பற்றறியில் பொதுவாக 1.265 அளவு காட்டும். வெப்ப நாடுகளுக்கென்று செய்யும் சில பற்றறிகளில் 1.240 அளவே முழுமை. எண்ணைவிட முக்கியம், ஆறு அறைகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது. எங்கள் பற்றறியில் ஐந்து அறைகள் 1.220 அளவில் நிற்க, மூன்றாவது 1.120. வோல்ற் மீற்றர் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். எந்த அறைக்கு வருத்தம் என்று இதுதான் சொல்லும். மூடிய வகைப் பற்றறியில் இதைச் செய்ய முடியாது, திறக்கவும் கூடாது.

மூன்றாவது, கணக்குப் பார்க்கும் மீற்றர். சத்திரசிகிச்சை முடிந்த நோயாளிக்கு எவ்வளவு நீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று நாங்கள் 24 மணி நேரமும் எழுதுவோம். இந்த மீற்றரும் அதையே செய்கிறது. பற்றறியின் எதிர்முனை வயரில் பூட்டினால், போன அம்பியர் மணியையும் வந்த அம்பியர் மணியையும் எண்ணி, மிச்சம் எத்தனை வீதம் என்று காட்டும். இரண்டு விசயம் நினைவிருக்கட்டும். எடுத்த அளவை மட்டும் திரும்பப் போட்டால் போதாது. கொஞ்சம் வீணாகும், ஆகவே பத்தில் ஒன்றோ அதற்கு மேலோ கூடப் போட வேண்டும். மற்றது, சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பற்றறி உண்மையாக நிரம்பும்போதெல்லாம் மீற்றரை 100க்குத் திருப்பி வைக்க வேண்டும்.

உண்மையாக நிரம்பியது என்று எப்படித் தெரியும்? இரண்டாம் படியில் வோல்ற் உச்சத்தில் நிற்க, உள்ளே போகும் மின்னோட்டம் பற்றறியின் அளவில் ஏறத்தாழ 2 வீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். 150க்கு 3 அம்பியர். அல்லது ஐதரோமீற்றர் எண் இரண்டு மூன்று மணி நேரமாகக் கூடாமல் நிற்க வேண்டும்.

இப்போது வரும் லிதியம் பற்றறிக்கு இந்த வோல்ற் எண்கள் பொருந்தா. அது ஏறக்குறைய காலியாகும்வரை ஒரே வோல்ற்றைக் காட்டிக்கொண்டிருக்கும். அங்கே கணக்கு மீற்றர்தான் கதி. சார்ஜரும் லிதியத்துக்கு உரியதாக இருக்க வேண்டும்.

தண்ணீரும் பாதுகாப்பும்

தண்ணீர் விடும் வகை என்றால் மாதம் ஒருமுறை பாருங்கள். காய்ச்சி வடித்த நீர் மட்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அது பற்றறிக்குள் போகக் கூடாது. அமிலமும் விடக் கூடாது. குறைவது தண்ணீர்தான், அமிலம் அல்ல. சார்ஜ் ஏறி முடிந்த பிறகு குறித்த அளவுக்கு விடுங்கள். முன்னரே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அதை மூடும் அளவுக்கு முதலில் கொஞ்சம் விடலாம்.

இனித் தாதியாகப் பேசுகிறேன். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரும். காற்றில் அது 4 வீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். ஆகவே காற்றோட்டமான இடம், துணி வேண்டாம், பூச்சாடி வேண்டாம், பக்கத்தில் மெழுகுதிரி வேண்டவே வேண்டாம். ஒட்சிசன் பாவிப்பவரின் அறையிலும் திறந்த நெருப்பு கூடாது. மின்வெட்டு இரவில் எங்கள் வீடுகளில் முதலில் கை போவது மெழுகுதிரிக்குத்தான். ரோச் லைற் ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். மூடியைத் திறக்கும்போது கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். மோதிரம், காப்பு, சங்கிலி கழற்றுங்கள். இரு முனைக்கும் குறுக்கே உலோகம் பட்டால் கணத்தில் பழுக்கக் காயும். அமிலம் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேய்க்க வேண்டாம்.

பழைய பற்றறியை வளவு மூலையில் போட வேண்டாம். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அதற்குக் காசும் கழிப்பார்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

சின்னக் கணக்கு, பிள்ளைகள் செய்து பாருங்கள். 150 அம்பியர் மணியை 12 வோல்ற்றால் பெருக்கினால் 1800 வற் மணி. பாதியைத்தான் எடுக்கலாம், 900. இன்வேட்டரில் 15 வீதம் வீணானால் மிச்சம் 765. வீட்டு ஒட்சிசன் மெசின் 350 வற் என்றால் 2 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் 150 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக எடுக்கும் கணக்கு. வேகமாக எடுத்தால் குறையும். ஆகவே ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வது புத்தி. அதே பற்றறி 60 வற் ஃபான் ஒன்றையும் 10 வற் லைற் ஒன்றையும் 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டும். மின்வெட்டில் ரீவியை நிறுத்துங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எனக்கு மற்ற உண்மையும் விளங்கியது. பற்றறி நல்லாக இருந்திருந்தாலும் பெப்ரவரி 9க்கு அது தனியாகப் போதாது. பற்றறி ஒரு பாலம். அக்கரையில் சிலிண்டர் நிற்க வேண்டும். அதற்கும் கணக்கு உண்டு. சிலிண்டரின் கொள்ளளவு 10 லீற்றர், மானியில் அழுத்தம் 150 பார் என்றால் 1500 லீற்றர் ஒட்சிசன். நிமிடத்துக்கு 2 லீற்றர் என்றால் 750 நிமிடம், அதாவது 12 மணி நேரத்துக்கு மேல். கடைசிச் சொட்டுவரை எண்ண வேண்டாம், கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சாவி சிலிண்டரிலேயே கட்டியிருக்கட்டும்.

இது ஊர்க் கதை மட்டும் அல்ல. 2022-23 குளிர்காலத்தில் பிரான்சிலும் முறைவைத்து 2 மணி நேரம் மின்சாரம் நிறுத்த நேரலாம் என்று அரசு எச்சரித்தது. நல்லவேளை, நடக்கவில்லை. 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஏறக்குறைய முழுவதும் இருண்டன. இங்கே வீட்டில் செயற்கைச் சுவாச மெசினை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு பதிவு முறை உண்டு. மருத்துவர் மூலம் பிராந்திய சுகாதார நிறுவனமான ஆ.எர்.எஸ்.இல் பதிந்தால், மின்வெட்டு பற்றி முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஆனால் அது அறிவிப்பு மட்டுமே, மின்சாரம் நிற்காது என்ற உறுதி அல்ல. மெசினின் பற்றறி வேலை செய்கிறதா என்று பார்ப்பது வீட்டாரின் பொறுப்புத்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மெசின் கொண்டுவந்து தருபவரிடம் அடுத்த முறை கேளுங்கள்: இந்தப் பற்றறி கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?

அம்மாவின் கொப்பி

பக்கத்து வீட்டுத் தம்பியின் நண்பன் தண்ணீர் விட்டு, சுவிச்சைச் சரியாக்கி, ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தான். ஐந்து அறைகள் கொஞ்சம் எழும்பின. மூன்றாவது எழும்பவில்லை. புதுப் பற்றறி வாங்கினோம். இம்முறை காசோடு ஒரு மல்ரிமீற்றருக்கும் ஐதரோமீற்றருக்கும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு மணி நேரம் வீடியோவில் அம்மாவோடு இருந்தேன்.

அம்மா முதலில் மறுத்தா. “எனக்கு உந்த வோல்ற் எல்லாம் விளங்காது பிள்ளை.” அப்பா கட்டிலில் இருந்தபடி சொன்னார்: “தொண்ணூறில சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி எனக்கு ரேடியோ போட்டவள் நீ. உனக்கோ விளங்காது?”

உண்மைதான். 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். நான் பிறந்து தவழ்ந்தது ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில். எவ்வளவு மண்ணெண்ணெய் மிச்சம் என்று அந்தத் தலைமுறைக்குக் கண்ணாலேயே தெரியும். போத்தலுக்குள் தெரியும் எண்ணெய்க்கு மீற்றர் தேவையில்லை. பத்துக் கன்னிகைகளின் கதையில்கூட எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பற்றறி அப்படி அல்ல. காலியானதும் நிரம்பியதும் வெளியே ஒரே மாதிரித்தான் இருக்கும். அளந்தால்தான் தெரியும்.

இப்போது இன்வேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி தொங்குகிறது. சனிக்கிழமை இரவு சார்ஜரையும் இன்வேட்டரையும் நிறுத்திவிட்டு, ஞாயிறு காலை கோயிலுக்குப் போகமுன் அம்மா அளந்து எழுதுவா: திகதி, வோல்ற். உடனே சுவிச்சைத் திரும்பப் போடுவா. மாதக் கடைசியில் ஆறு அறைகளின் எண், விட்ட தண்ணீர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிரம்பிய பற்றறியில் இரண்டு ஃபானும் லைற்றும் ஒரு மணி நேரம் ஓட்டி, எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பா. போன முறையைவிடக் கூட இறங்கினால், பற்றறி களைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மின்வெட்டு நாளில் அல்ல, அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இங்கே ஆராதனை முடிந்ததும் நான் அழைப்பேன். அம்மா வாசிப்பா. போன ஞாயிறு 12.68. அப்பா பின்னாலிருந்து, “என்ர பிரஷரைக் கேக்கமுதல் அதின்ர வோல்ற்றைத்தான் இவள் கேக்கிறாள்” என்று முறைப்பட்டார்.

தம்பி, தங்கைமாரே, இந்த வாரம் அம்மம்மாவோடு கதைக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இன்வேட்டர் சுவிச் எப்போதும் போட்டபடிதானா? கடைசியாக எப்போது தண்ணீர் பார்த்தது? ஓய்வில் எத்தனை வோல்ற்? மூன்றாவதுக்குப் பதில் தெரியவில்லை என்றால், அடுத்து ஊருக்குப் போகிறவரின் பெட்டிக்குள் சொக்கிலேற்றோடு ஒரு மல்ரிமீற்றரும் வையுங்கள். அளக்கும் முறையை வீடியோவில் நீங்களே சொல்லிக்கொடுங்கள். பேரப்பிள்ளை சொன்னால் அவர்கள் கேட்பார்கள், எழுதியும் வைப்பார்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.